ஆளுக்கேற்ற கைபிடி

கல்லூரியொன்றின் விழா மலரிலே எழுதத்தக்க பொருள்கள் பல. கல்லூரியை நிறுவிய பெரியோரின் தியாகம், அதனை வளர்த்த அதிபர்களின் ஆற்றல், விளையாட்டரங்கிலே பெற்ற வெற்றிகள், பல்கலைக்கழகம் புகுந்தோரின் பெருமை ஆகியவற்றைப் பற்றி எழுதத் தக்கார் எழுதுவர். தமிழாசிரியராகிய எம்மிடம் இலக்கண விளக்கமோ இலக்கிய ஆராய்ச்சியோ எதிர்பார்க்கப்படும் என்பதையும் நாம் அறிவோம். ஆயினும் நாம் இங்கே எடுத்துக்கொண்ட பொருள் துவிச்சக்கரவண்டியின் கைபிடி. அஃதாவது, நம் பேச்சுவழக்கிலே ஹாண்டில் என்று வழங்குவது. அதனைச் சற்று உயர்த்துதல் வேண்டும் என்பதே எமது கருத்து. இத்துணைச் சிறு பொருளுக்கு விழா மலரிலே இடமுண்டோ என்று வினவுவோர், இக்கட்டுரையை முடிவுவரை படிக்குமாறு வேண்டுகின்றோம். இப்பொருள் சிறியதன்று என்பதை எமக்குக் கற்பித்தது நம் மாணவன் ஒருவனது முறிந்த மணிக்கட்டு.

வாரத்தில் ஒருநாள் காலையிலே கல்லூரி வாயிலில் நிற்கும் கடமை எமக்கு உண்டு. ஏழு மணி தொடக்கம் ஏழரை மணி வரை மாணவர் துவிச்சக்கரவண்டிகளில் வந்து சேர்வர். அவற்றுட் பெரும்பாலானவை இக்காலத்திலே மவுண்டன் பைக் என வழங்கும் மலைவண்டிகளே. பருத்த ரயர், நேரான குறுக்குக் கைபிடி, பல பற்சக்கரங்கள், முன்கவையிலே அதிர்ச்சி தாங்கும் சுருள் என்பன அவற்றின் அடையாளங்கள். பார்ப்பதற்கு அழகும் மிடுக்கும் உடையனவே. ஆனால் அவற்றின் மேல் அமர்ந்து வரும் பிள்ளைகளின் கோலம் அழகியதன்று. முதுகு வில்லாய் வளைந்திருக்கும். பாதையைப் பார்க்கவேண்டி, கழுத்து மாத்திரம் பின்னோக்கி மடிந்து நிமிர்ந்திருக்கும். இரு கைகளும் ஊன்றுகோல்போல விறைத்து உடலைத் தாங்கும். அதன்மேற் புத்தகப்பை வேறு. வண்டியை விட்டிறங்கியதும் கைகளை உதறுவோர் பலர். முதற்பாடம் தமிழாக அமையும் நாளில், எழுதத் தொடங்குமுன் விரல்களை மடக்கியும் நீட்டியும் பார்ப்போர் சிலரையும் நாம் கண்டிருக்கின்றோம்.

நம் தந்தையர் செலுத்திய வண்டிகள் வேறு வகையின. இங்கிலாந்திலிருந்து வந்த றலி போன்ற வண்டிகளின் கைபிடி, இருக்கையின் மட்டத்திலோ அதற்குச் சற்று மேலாகவோ நிற்கும். பிடிகள் இரண்டும் செலுத்துபவனை நோக்கிப் பின்புறமாக வளைந்து வரும். வேட்டியுடுத்த பெரியவர் ஒருவர் நாரியை நிமிர்த்தி, எதிரில் வருபவருக்கு வணக்கம் சொல்லிக்கொண்டே அதிலே செல்லலாம். 1990ஆம் ஆண்டுக்குப் பின் குடாநாட்டுக்கு எரிபொருள் வருவது தடைப்பட்டிருந்த காலத்திலே, அவ்வண்டிகளே நம் மக்களின் ஊர்தியாயும் பாரவண்டியாயும் விளங்கின. நோயாளியை மருத்துவமனைக்கும், நெல்லை ஆலைக்கும், பிள்ளைகளைப் பள்ளிக்கும் அவை சுமந்தன. அக்காலத்திலே மாணவராயிருந்த நாமும் தந்தையாரின் வண்டியிலே பல கட்டை தூரம் சென்றுவந்தோம். கால்கள் சோர்ந்ததுண்டு, கைகள் விறைத்ததாக நினைவில்லை.

இனி, மலையில்லாத நாட்டிலே மலைவண்டி வந்தது எவ்வாறு? குடாநாடு சமதரை. கீரிமலை என்று ஓர் ஊருக்குப் பெயர் உண்டாயினும், பற்சக்கரம் மாற்றி ஏறவேண்டிய மலை அங்கே இல்லை. ஆயினும் பருத்த ரயர் கல்லொழுங்கைக்கும் மணற்பாதைக்கும் உகந்தது; கடைகளிலும் அவ்வகையே மிகுதியாகக் கிடைத்தது; இளைஞரின் கண்ணுக்கும் அது இனித்தது. 2022ஆம் ஆண்டிலே நாடெங்கும் எரிபொருள் தட்டுப்பாடு நேர்ந்து, நிரப்பு நிலையங்களின் முன்னே நாட்கணக்காய் மக்கள் வரிசையில் நின்றபோது, மோட்டார்ச் சைக்கிளை விட்டுத் துவிச்சக்கரவண்டியை நாடிய முதியோர் பலரும் மலைவண்டியையே வாங்கினர். ஆகவே, மகனும் தந்தையும் ஒரே வகை வண்டியில் ஏறினர். ஒரே வகை நோவையும் அடைந்தனர்.

நோவின் காரணம் எளிது. இருக்கையில் அமர்ந்தவனது உடற்பாரம் இருக்கை, மிதி, கைபிடி என்னும் மூன்றிடத்தும் பகிரப்படுகின்றது. கைபிடி தாழத் தாழ, மேலுடல் முன்னே சாய்கின்றது. பாரத்திற் பெரும்பங்கு உள்ளங்கைகளில் இறங்குகின்றது. சிறுவிரலுக்கும் மோதிரவிரலின் ஒரு புறத்துக்கும் உணர்ச்சி கொண்டுசெல்லும் நரம்பு, உள்ளங்கையின் அடிப்புறத்தில் சிறுவிரற் பக்கமாகச் செல்கின்றது. அவ்விடம் நெடுநேரம் அழுத்தப்பட்டால் அவ்விரல்கள் விறைக்கும். அழுத்தம் நீடித்துவரின் பிடியின் வலிமையும் குறையும். துவிச்சக்கரவண்டி செலுத்துவோர்க்கு வரும் இக்குறையை மருத்துவர் நன்கறிவர். முதுகின் கீழ்ப்பகுதியும் பிடரியும் நோவதற்கும் இச்சாய்வே பெரும்பாலும் காரணமாகின்றது. ஓட்டப்பந்தய வீரன் இச்சாய்வை விரும்பி ஏற்கின்றான். காற்றின் தடையைக் குறைப்பதும், செங்குத்தான ஏற்றத்திலே முன்சில்லை நிலத்தில் அழுத்திவைப்பதும் அவனுக்கு வேண்டும். அதற்கேற்ப அவன் உடலைப் பழக்கியுமிருக்கின்றான். கல்லூரிக்கு வரும் பிள்ளைக்கும் சந்தைக்குப் போகும் பெரியவருக்கும் அதனால் ஆவதென்ன?

நோவு கண்டவர்கள் செய்யும் தவறான பரிகாரம் ஒன்றுண்டு. கைபிடியை உயர்த்துவதற்குப் பதிலாக இருக்கையைத் தாழ்த்துகின்றனர். தாழ்த்தியதும் இரண்டும் ஏறத்தாழ ஒரு மட்டத்துக்கு வருவதால், கை சற்று ஆறுதலடைவது உண்மையே. ஆனால் மிதி கீழே வந்த நிலையிலும் முழங்கால் மிகவும் மடிந்தே நிற்கும். நாளடைவில் நோவு கையை விட்டு முழங்காலுக்கு இடம்பெயரும். ஒரு கடனை அடைக்க வேறொரு கடன் வாங்குவதை ஒக்கும் இது. இருக்கையின் உயரம் காலின் நீளத்தால் தீர்மானிக்கப்பட வேண்டியது. மிதி கீழே நிற்கும்போது முழங்கால் சிறிதளவே மடிந்திருத்தல் வேண்டும். அதனை முதலிற் சரிசெய்து, பின்னரே கைபிடியை நோக்குதல் முறை.

தாழ்ந்த கைபிடியே மலைவண்டியின் இலக்கணம் என்று எண்ணுவோர் உளர். அவ்வெண்ணம் வரலாற்றுக்கு ஒவ்வாது. அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்திலே, சான் பிரான்சிஸ்கோ நகருக்கு வடக்கே மரின் என்னும் மாவட்டம் உண்டு. அங்குள்ள தமல்பாயஸ் மலைப்பகுதியிலே, 1970களில் இளைஞர் சிலர் பழைய வண்டிகளைத் தேடியெடுத்து மண்பாதைகளில் இறங்கி விளையாடினர். அவை 1930களிலும் 1940களிலும் செய்யப்பட்ட பருத்த ரயர் வண்டிகள். சுவின் என்னும் அமெரிக்க நிறுவனத்தின் வண்டிகள் அவற்றுட் பெயர்பெற்றவை. 1976ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதத்தில் முதன்முறையாக நடந்த அவர்களது இறக்கப் போட்டிக்கு ‘றிப்பாக்’ என்று பெயர். பின்மிதி பிறேக் இறக்கத்திலே சூடேறி, அச்சிலுள்ள கொழுப்பு எரிந்து புகைந்துவிடும். ஒவ்வோர் ஓட்டத்தின் பின்பும் புதிதாகக் கொழுப்பிட்டு நிரப்பவேண்டியிருந்தமையாற் போட்டிக்கு அப்பெயர் வாய்த்தது. 1977இல் யோ பிறீஸ் என்பவர் இவ்விளையாட்டுக்கென்றே புதிய சட்டங்களைச் செய்தார். 1979இல் கேரி பிஷர், சார்ள்ஸ் கெலி என்னும் இருவரும் மவுண்டன்பைக்ஸ் என்ற பெயரிலே வாணிகம் தொடங்கினர். அவர்களுக்குச் சட்டங்களைச் செய்தளித்தவர் ரொம் றிச்சி.

இம்முதல் வண்டிகளின் கைபிடி எத்தகையது? அகன்றது, உயர்ந்தது, மோட்டார்ச் சைக்கிளின் கைபிடியை ஒத்தது. கற்களுக்கிடையே இறங்குபவன் தலைநிமிர்ந்து பாதையைப் பார்க்கவும் வண்டியை வலிமையுடன் திருப்பவும் அது வேண்டியிருந்தது. பின்னர் மலைவண்டி ஓட்டம் உலகப் போட்டியாக வளர்ந்தது. 1990இல் கொலறாடோ மாநிலத்து டுறாங்கோ நகரிலே உலகச் சாம்பியன் போட்டி நடந்தது; 1996இல் அற்லாண்டா ஒலிம்பிக் விழாவிலும் அது இடம்பெற்றது. வேகமும் ஏற்றமும் வெற்றியைத் தீர்மானித்தமையாற் கைபிடி தாழ்ந்தது, குறுகியது. அதைத் தாங்கும் தண்டு நீண்டது. பந்தய வண்டியைப் பார்த்துக் கடை வண்டியும் தாழ்ந்தது. அண்மைக்காலத்திலே அகன்ற கைபிடியும் குறுகிய தண்டும் மீண்டும் வழக்கிற்கு வந்துள்ளன. ஆகவே, கைபிடியை உயர்த்துபவன் மலைவண்டியின் மரபைக் கெடுப்பவன் அல்லன். அதன் பிறப்பிலமைந்த இயல்பை மீட்பவன் என்க.

இவ்வளவும் கூறியபின், எமது குற்றமொன்றையும் கூறுதல் கடமை.

2023ஆம் ஆண்டு இரண்டாந் தவணையிலே, பத்தாந் தரத்து மாணவன் ஒருவன் வாயிலில் எம்மிடம் வந்து, “சேர், சைக்கிள் ஓடினால் நாரி நோகுது” என்றான். நாம் வண்டியைப் பார்த்தோம். கைபிடி இருக்கையினும் மிகத் தாழ்ந்திருந்தது. “தம்பி, ஹாண்டிலை உயர்த்து, சரியாகும்” என்றோம். பிள்ளைகள் ஆசிரியர் சொல்லை எவ்வளவு நம்புகின்றனர் என்பதை நாம் அக்கணத்திலே எண்ணவில்லை. அன்று மாலையே அவன் வீட்டிலிருந்த சாவியால் மேற்போல்டைத் தளர்த்தி, கைபிடித் தண்டை எவ்வளவு இழுக்கலாமோ அவ்வளவும் மேலே இழுத்து, மீண்டும் இறுக்கிவிட்டான். மறுநாள் நிமிர்ந்த முதுகோடு வந்து எமக்குக் காட்டினான். நாமும் மகிழ்ந்து பாராட்டினோம். தண்டின் எவ்வளவு பகுதி உள்ளே எஞ்சியிருக்கின்றது என்று நாம் கேட்கவில்லை. கேட்கவேண்டும் என்பதே எமக்குத் தெரியாது.

மூன்றாம் நாட் காலையில், ஒழுங்கையிலிருந்து தெருவுக்கு ஏறும் இடத்திலே, முன்சில்லை மேட்டில் ஏற்றுவதற்காக அவன் கைபிடியைத் தன்பக்கம் இழுத்திருக்கின்றான். தண்டு குழாயை விட்டுக் கழன்று கையோடு வந்துவிட்டது. அவன் வலக்கையை ஊன்றி விழுந்தான். தெருவில் அவ்வேளை வாகனம் வராதது இறைவன் அருள். மணிக்கட்டு எலும்பு முறிந்து ஆறு வாரம் பத்தையில் இருந்தான். தவணைப் பரீட்சையை எழுத முடியவில்லை. எமது பாடவேளைகளிலே அவன் வெறுங்கையோடு இருந்து கேட்பான். அருகிலிருந்த மாணவன் அவனுக்கும் சேர்த்துக் குறிப்பெழுதினான். அவன் தந்தையார் ஒருநாள் கல்லூரிக்கு வந்தபோது, “சேர் சொன்னபடியே செய்தவன்” என்று மாத்திரம் சொன்னார். அவர் சினந்து சொல்லவில்லை, நடந்ததைத்தான் சொன்னார். ஆயினும் அச்சொல் எமக்கு வசையினும் பாரமாயிற்று.

இலக்கண வகுப்பிலே விதியைச் சொல்லி விலக்கைச் சொல்லாது விடும் ஆசிரியனை நாம் குறைகூறுவதுண்டு. அக்குறையையே நாமும் செய்தோம். உயர்த்துக என்னும் விதியைச் சொன்னோம். இவ்வளவுக்குமேல் உயர்த்தற்க என்னும் விலக்கைச் சொல்லவில்லை. அதன்பின் பல மாலைகளில், ஊரிலுள்ள சைக்கிள் திருத்துபவர் ஒருவரின் கடையிலே வாங்கிலில் இருந்து மாணவராயினோம். அவர் எமக்குக் கற்பித்தவற்றைச் சுருக்கிக் கூறுகின்றோம்.

வண்டியின் கழுத்து இருவகைப்படும். முதல்வகையிலே கைபிடித் தண்டு முன்கவைக் குழாயின் உள்ளே இறங்கி நிற்கும். அதன் அடியிலுள்ள ஆப்பு மேற்போல்டினால் இறுக்கப்பட்டுக் குழாயை உள்ளிருந்து பற்றும். பழைய வண்டிகளும் விலைகுறைந்த மலைவண்டிகள் பலவும் இவ்வகையின. இதனை உயர்த்துதல் எளிது. மேற்போல்டை இரண்டு மூன்று சுற்றுத் தளர்த்தி, அதன் தலையிலே பலகைத் துண்டொன்றை வைத்து மெல்லத் தட்டினால் ஆப்பு விடுபடும். பின்னர்த் தண்டை உயர்த்தி, முன்சில்லுக்கு நேராக்கி இறுக்கலாம். விலக்கு யாதெனில், தண்டின் பக்கத்திலே பொறித்துள்ள எல்லைக்கோடு எப்பொழுதும் குழாயினுள்ளே மறைந்திருத்தல் வேண்டும். கோடு வெளியே தெரியுமாயின், தண்டை உள்ளிருந்து பற்றும் பகுதி போதாது. கழலலாம், முறியலாம், குழாயையும் பிளக்கலாம். நம் மாணவனது வண்டியிலும் அக்கோடு இருந்தது. அது வெளியே தெரிந்துகொண்டே இருந்தது. அதனைப் படிக்க எவருக்கும் தெரியவில்லை.

இரண்டாம் வகை 1990களின் தொடக்கத்திலிருந்து பரவியது. இதிலே முன்கவைக் குழாய் மேலே நீண்டுவர, கைபிடித் தண்டு வெளியிலிருந்து அதனைக் கவ்விப் பிடிக்கும். இத்தண்டை இழுத்து உயர்த்த இயலாது. தண்டின் மேலே வளையங்கள் இருப்பின், அவற்றைக் கழற்றித் தண்டின் கீழே இடலாம். அந்த அளவுக்குக் கைபிடி உயரும். மேலே வளையம் இல்லையாயின், தண்டைத் தலைகீழாக்கிப் பொருத்துதல் இரண்டாம் வழி. கீழ்நோக்கிச் சரிந்திருந்த தண்டு இதனால் மேல்நோக்கிச் சரியும். 100 மில்லிமீற்றர் நீளமும் 6 பாகைச் சரிவும் உள்ள தண்டு ஏறத்தாழ 20 மில்லிமீற்றர் உயர்வு தரும். சரிவு மிகுந்த வேறொரு தண்டை வாங்குதல் மூன்றாம் வழி. நடுவிலே தாழ்ந்து இருபுறமும் மேலெழுந்து செல்லும் கைபிடியை வாங்குதல் நான்காம் வழி. கடைகளில் ரைசர் என்று கேட்டால் அது கிடைக்கும். குழாயை நீட்டும் இணைப்புத் துண்டும் உண்டு. கரடுமுரடான பாதையில் ஓடுவோர் அதனைத் தவிர்த்தல் நன்று.

இவ்வகையிலே பலர் பிழைபடும் இடம் ஒன்றுண்டு. உச்சியிலுள்ள மூடியின் போல்டே கைபிடியைப் பிடித்திருக்கின்றது என்று எண்ணி அதனை முழுப்பலத்தோடு இறுக்குவர். அதன் தொழில், கழுத்திலுள்ள குண்டுகளின் தளர்வை நீக்குவது மாத்திரமே. கைபிடித் தண்டைக் குழாயோடு பிணைப்பவை பக்கத்துப் போல்டுகள். ஆதலின் முதலில் மூடிப்போல்டை அளவாக இறுக்கித் தளர்வை நீக்கி, அடுத்துக் கைபிடியைச் சில்லுக்கு நேராக்கி, இறுதியிற் பக்கத்துப் போல்டுகளை மாறிமாறி இறுக்குதல் முறை. வேலை முடிந்தபின் மூன்று சோதனைகள் செய்தல் வேண்டும். முன்பிறேக்கைப் பிடித்துக்கொண்டு வண்டியை முன்னும் பின்னும் அசைத்தாற் கழுத்திலே ஆட்டம் தோன்றலாகாது. முன்சில்லை முழங்கால்களுக்கிடையே இடுக்கிக் கைபிடியைத் திருப்பினால் அது வழுக்கலாகாது. கைபிடியை இருபுறமும் முழுமையாகத் திருப்பும்போது பிறேக் கம்பியும் கியர்க் கம்பியும் இழுபடலாகாது. இழுபட்டால் நீளமான கம்பியிடும்வரை வண்டியிலே ஏறலாகாது.

எவ்வளவு உயர்த்தலாம் என்பது அடுத்த வினா. சாதாரணமாக வண்டி செலுத்துவோர்க்குக் கைபிடி இருக்கையின் மட்டத்திலோ அதற்குச் சற்று மேலாகவோ நிற்பது தொடக்கத்துக்குப் போதும். உயர்வு நன்று என்பதற்காக மிக உயர்வும் நன்று என்று கொள்ளலாகாது. கைபிடி மிக உயர்ந்தால் உடற்பாரம் பின்னே செல்லும். இருக்கையும் முதுகெலும்பும் அதனைச் சுமக்கும். ஏற்றத்திலே முன்சில்லு நிலத்தை விட்டெழ முனையும். வளைவிலே முன்ரயரின் பிடி குறையும். மலைநாட்டுக்குச் சென்று மெய்யாகவே மலையில் ஓடுவோர் இதனை மறத்தலாகாது. மேலும், கழுத்து பின்னோக்கிச் சரிந்திருப்பதால், வளையங்களிட்டு உயர்த்தப்படும் கைபிடி மேலே செல்வதோடு பின்னேயும் வரும். கழுத்துச் சரிவு 70 பாகையாயின், 30 மில்லிமீற்றர் உயரத்துக்கு வளையமிட்டாற் கைபிடி ஏறத்தாழ 10 மில்லிமீற்றர் நம்மை நோக்கி நெருங்கும். எட்டிப் பிடிக்கவேண்டியிருந்தவனுக்கு இது நன்மை. ஏற்கெனவே நெருக்கமாயிருந்தவனுக்கு இடைஞ்சல். ஆகவே, ஒரு முறைக்கு 10 மில்லிமீற்றர் அளவிலே உயர்த்தி, ஒரு வாரம் ஓடிப்பார்த்து, வேண்டின் மீண்டும் உயர்த்துதலே அறிவுடைமை.

இம்முறையால் விளைந்த நன்மையையும் ஒன்று சொல்லுவோம். எமது அயலிலே நம் கல்லூரியின் பழைய மாணவர் ஒருவர் இருக்கின்றார். அறுபதை அடுத்த வயது. 2022ஆம் ஆண்டுத் தட்டுப்பாட்டிலே மலைவண்டி வாங்கியவர், மூன்று மாதத்துள் அதனை விறாந்தையிற் சாத்திவிட்டார். “விரல் விறைக்குது தம்பி. இனி எனக்கு உது சரிவராது” என்றார். வண்டியின் மேற் சால்வை உலர்ந்தது. தம் வயதே குற்றவாளி என்று அவர் தீர்ப்புச் செய்துகொண்டார். நம் மாணவனுக்கு நேர்ந்ததன்பின் நாம் கற்றவற்றைக்கொண்டு, “அண்ணை, ஒருக்கால் கடைக்குக் கொண்டுபோய்ப் பார்ப்போம்” என்று வற்புறுத்தினோம். திருத்துபவர் இருக்கையைச் சரிசெய்து, தண்டின் மேலிருந்த இரண்டு வளையங்களைக் கீழிட்டு, மேலெழும் கைபிடியொன்றையும் பூட்டினார். பிறேக் கம்பி ஒன்றை மாற்றவேண்டியிருந்தது. அரைநாள் வேலை. அடுத்த வெள்ளிக்கிழமை அவர் கோயிலுக்குச் சென்று திரும்பும் வழியிலே எமது படலையில் நின்று, “கை விறைக்கவில்லை” என்றார். இன்றும் அவ்வண்டி விறாந்தையில் நிற்கின்றது. சால்வை கொடியில் உலர்கின்றது. விறைப்பு யாவும் கைபிடியால் வருவதன்று என்பதையும் இங்கே கூறல் வேண்டும். உயர்த்தியும் நீங்காத விறைப்புக்கு மருத்துவரையே நாடவேண்டும்.

எமது கருத்துக்குத் தடையாகச் சொல்லப்படுபவை இரண்டு. ஒன்று, உயர்த்திய கைபிடி கிழவனின் வண்டிபோலத் தோன்றும் என்பது. இது மாணவர் கூற்று. அழகை விரும்புவது இளமையின் இயல்பு. அதனை நாம் பழிக்கவில்லை. ஆனால் கூனிய முதுகும் உதறும் கையும் அழகோ என்று அவர்களையே கேட்கின்றோம். மற்றொன்று, வண்டியைச் செய்தவனுக்குத் தெரியாததோ என்பது. இது பெற்றோர் கூற்று. செய்தவன் நம்மைக் கண்டதில்லை. ஓரளவுச் சட்டத்தை ஆயிரவர்க்கெனச் செய்தான். ஆயிரவருள் ஒருவனுக்கு ஏற்ப அமைத்துக்கொள்ளவே போல்டுகளையும் வளையங்களையும் வைத்தான். செருப்புக்காகக் காலைக் குறைப்பார் உண்டோ? கருவிக்காக உடலை வளைப்பதும் அத்தகையதே. வளர்கின்ற பிள்ளைக்கு இது மேலும் பொருந்தும். எட்டாந் தரத்திலே வாங்கிய வண்டியைப் பதினொராந் தரத்திலும் செலுத்துகின்றான். சட்டையை மூன்று முறை மாற்றிய பெற்றோர் கைபிடியை ஒருமுறையேனும் மாற்றினரோ?

நிறைவாக ஒரு விண்ணப்பம். விழாக் காலத்திலே பழைய மாணவர் சங்கத்தினர் கல்லூரிக்குப் பல நன்கொடைகளை அளிக்க எண்ணுவர். கட்டடமும் அரங்கும் வேண்டியவையே. அவற்றோடு, துவிச்சக்கரவண்டிக் கொட்டகையின் ஓர் ஓரத்திலே ஒரு மேசையும், 4, 5, 6 மில்லிமீற்றர் அளவுள்ள அலன்கீகளும், சாவிகள் சிலவும், அளவுநாடா ஒன்றும், பலகைத் துண்டொன்றும் வைத்துத் தருவார்களாக. தவணைக்கு ஒரு மாலை, தொழிலறிந்த திருத்துபவர் ஒருவருக்குக் கூலி கொடுத்து அழைப்பார்களாக. பழைய மாணவருள் பொறியியலாளர் பலர் உளர். அவர்களும் அன்று வந்து பிள்ளைகளின் அருகே நிற்பார்களாக. ஒவ்வொரு மாணவனும் தன் வண்டியின் கழுத்து எவ்வகையினது, எல்லைக்கோடு எங்கேயுள்ளது, எந்தப் போல்ட் எதனைப் பிடிக்கின்றது என்பவற்றைத் தன் கையாலே தொட்டு அறிவானாக. இதற்காகும் செலவு சிறிது. இது முன்னரே இருந்திருப்பின், ஒரு பிள்ளை ஆறு வாரம் பத்தையோடு இருந்திருக்கமாட்டான். ஓர் ஆசிரியன் அவன் தந்தையின் முன்னே தலைகுனிந்து நின்றிருக்கமாட்டான்.

அம்மாணவன் இப்பொழுது உயர்தர வகுப்பிலே கற்கின்றான். கை நன்கு குணமடைந்துவிட்டது. அவன் வண்டியின் கைபிடியும் இருக்கையின் மட்டத்திலேயே நிற்கின்றது. எல்லைக்கோடு குழாயினுள்ளே மறைந்திருக்கின்றது. வாயிலில் நிற்கும் நாட்களில் நாம் முதலிற் பார்ப்பது அதனையே.